புதுத் திரையும் பழைய எழுத்தும்

ஒரு நூலை வாசிக்குங்கால் எழுத்து மறைந்து பொருள் மட்டும் புலனாகுமாயின், அவ்வெழுத்து நன்கமைந்ததென்று கொள்ளலாம். எழுத்து இடையிடையே குறுக்கிட்டுக் கண்ணைத் தடுத்து நிறுத்துமாயின் வாசிப்பு நடவாது; அக்குற்றம் நூலாசிரியருடையதுமன்று, வாசிப்போருடையதுமன்று. ஏடெழுதினோரும் அச்சுக்கோத்தோரும் இதனை நன்கறிந்திருந்தனர். கணிப்பொறித் திரையின்முன் அமர்ந்து பாடம் படிக்கும் நம்மவரோ இன்னும் அறிந்தாரில்லை. அதனாலேயே இக்கட்டுரை எழுதப் புகுந்தேன்.

அம்பத்தூரில் யானும் என் வகுப்புத் தோழர் சிலரும் மாலை வேளைகளிற் சென்று படிக்கும் படிப்பகம் ஒன்றுண்டு. இவ்வாண்டு சூலைத் திங்களில் ஆங்கிருந்த பழைய மானிட்டர்கள் நீக்கப்பெற்று, மூலைக்கு மூலை 24 அங்குலமுள்ள புதிய மானிட்டர்கள் நான்கு வந்திறங்கின. முதல் வாரத்தில் இடங்கிடைப்பதே அரிதாயிற்று. மூன்றாம் வாரத்தில் நான்கில் மூன்று வெறுமனே கிடந்தன. காரணம் யாதெனின், அவற்றில் எழுத்து மங்கலாய், விளிம்பு கரைந்து, நனைந்த தாளில் மையூறினாற்போலத் தோன்றிற்று. ஆங்கிலத்தை ஒருவாறு வாசிக்கலாம். தமிழை அரைமணி நேரம் வாசித்தார்க்குக் கண்ணில் நீரும் நெற்றியில் நோவும் மிஞ்சின. அங்கு வரும் பெரியவர் ஒருவர், தமிழிற் பற்றுடையவரே, எங்களை நோக்கி, “தம்பிகளா, நம் எழுத்துப் பனையோலைக்குப் பிறந்தது, கண்ணாடிக்குப் பிறந்ததன்று. திரையிலே இங்கிலீஷ் படியுங்கள், தமிழைக் காகிதத்திலே படியுங்கள்” என்றார். நண்பர் சிலர் அதற்குமேலும் ஒருபடி சென்று, தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டால் தொல்லையில்லை என்றனர். அன்று மறுமொழி கூற என்னாலியலவில்லை. தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்துக்கொண்ட யானும் அடுத்த பத்து நாளும் தமிழுரைகளை மூடிவைத்து, அவற்றைப்பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பெற்ற குறிப்புகளையே திரையில் வாசித்து வந்தேன் என்பதனை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நிற்க. பெரியவர் கூறியது முற்றும் பொய்யன்று. திரை என்பது பிக்சல் எனப்படும் ஒளிப்புள்ளிகளாலான ஒரு கட்டம். யான் கூறிய 24 அங்குல மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள. கணக்கிட்டுப் பார்ப்பின் அங்குலத்துக்கு ஏறக்குறைய 92 புள்ளிகளே ஆகும். சாதாரண லேசர் அச்சுப்பொறியோ அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இடும். நாம் 12 பாயிண்டு என்று சொல்லும் எழுத்துக்கு அச்சிலே 100 புள்ளி உயரம் கிட்டுகையில், திரையிலே 16 புள்ளி உயரமே கிட்டுகிறது. அந்தப் பதினாறிலும் ஏறக்குறையப் பாதியே ககரத்தின் உடலுக்கு உரியது. மேலே விலங்கும் மெய்ப்புள்ளியும், கீழே உகரச் சுழியும் தங்குதற்கு மீதியை ஒதுக்கவேண்டும். இரண்டு சுழி னகரத்துக்கும் மூன்று சுழி ணகரத்துக்கும் இடையேயுள்ள வேற்றுமை ஓரிரு புள்ளிகளில் நிகழ்வது. குறிலையும் நெடிலையும் பிரிக்கும் கொம்பின் சுழியும் அவ்வாறே. ஆங்கில எழுத்துக்கு இத்தகைய நெருக்கடி பெரும்பாலும் இல்லை. ஆதலின் திரை சிறிது பழுதுபட்டால் முதலிற் பாதிக்கப்படுவது தமிழே. ஆயின் பாதிக்கப்படுவது ஒன்று, தகுதியற்றது மற்றொன்று. காய்ச்சலில் மெலிந்தவன் முதலிற் சோர்வான். அதனால் அவன் நடக்கத் தகாதவன் என்பார் உளரோ?

இடங்குறைந்த பொருளில் எழுத்தை நிறுத்தும் துன்பம் நமக்குப் புதிதுமன்று. ஓலையிற் புள்ளி குத்தின் ஓலை பொத்துப்போம் என்றஞ்சி, மெய்யெழுத்தின் புள்ளியையே விடுத்து எழுதினர் நம் முன்னோர். படிப்போர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். எகர ஒகரக் குறில்களுக்கும் புள்ளியுண்டென்று தொல்காப்பியம் கூறியிருந்தும், ஓலையில் குறிலும் நெடிலும் ஒன்றாகவே நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் அவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டினார். அச்சு வந்தபோதும் இதே கதைதான். 1578ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிற்று. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுக்கூடம் நிறுவியது அதற்கு 130 ஆண்டுகளுக்கும் பின்னராம். ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் வார்த்தனுப்பிய தமிழெழுத்துகள் அளவிற் பெரியன, காகிதத்தை விழுங்கின, கப்பலில் வரும் காகிதமோ கொஞ்சம். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அச்சானபின் எஞ்சிய புதிய ஏற்பாட்டுக்கு அவ்வெழுத்துப் பொருந்தாமை கண்டு, பொறையாற்றில் வார்ப்புப் பட்டறை அமைத்து ஆட்லர் என்பார் சிறிய எழுத்துகளை வார்த்தார். 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. பிற்காலத்தே சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்து ஹண்ட் துரை இன்னுஞ் சிறியவும் தெளிந்தனவுமாகிய எழுத்துகளை ஆக்குவித்தார். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியை எடுத்துப் பார்ப்பார் அதன் பயனைக் கண்கூடாகக் காண்பர். இவருள் ஒருவரேனும் ‘தமிழ் ஈயத்துக்குப் பிறந்ததன்று’ என்று சொல்லிக் கைவிட்டாரில்லை. அயல்நாட்டினராகிய அவர் படாத சலிப்பை நாம் பத்து நாளிற் படுவது நாணத்தக்கது.

என் சலிப்பைத் தீர்த்தவர் என் வகுப்புத்தோழர் ஒருவர். பூந்தமல்லியில் பார்வையற்றோர்க்கான அரசுப் பள்ளி இருப்பதனை நம்மில் பலரும் அறிவர். பார்வைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனத்தின் மண்டல நிலையமும் அவ்வூரிலேயே உளது. அப்பள்ளியிற் பயின்று நம்மோடு சேர்ந்த இத்தோழர்க்கு ஒரு கண்ணில் சிறிதளவே பார்வையுண்டு. ஒருநாள் அவரைப் படிப்பகத்துக்கு அழைத்துச் சென்றேன். அவர் திரைக்கு மிக அருகில் முகத்தை வைத்து நோக்கி, “இத்திரையின் கட்டமும் கணினி அனுப்பும் படத்தின் கட்டமும் ஒன்றல்ல. அதை முதலில் பாருங்கள்” என்றார். கண்ணுள்ள நால்வரும் மூன்று வாரம் காணாததை அவர் மூன்று நிமிடத்திற் கண்டார்.

அவர் சொன்னபடியே இருந்தது. திரைக்கு இயல்பான கட்டம் 1920க்கு 1080. பழைய மானிட்டரின் அளவாகிய 1366க்கு 768 என்பதிலேயே கணினியை விட்டுவைத்திருந்தனர். ஆகவே கணினியின் ஒரு புள்ளி திரையின் 1.4 புள்ளிகளில் விழவேண்டியதாயிற்று. புள்ளியை அரையும் காலுமாகப் பிளத்தல் இயலாதாகையால், திரை பக்கத்துப் புள்ளிகளுக்கும் நிறத்தைப் பகிர்ந்தளித்து மழுப்பிற்று. அம்மழுப்பலே யாங்கள் கண்ட மங்கல். அளவை 1920க்கு 1080 என்று மாற்றியவுடன் எழுத்து நறுக்கென்று நின்றது. ஆனால் சிறுத்துப் போயிற்று. சிறுத்துப்போமென்று அஞ்சியே யாரோ பழைய அளவில் விட்டிருத்தல் வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கும் வழி அதுவன்று. விண்டோஸ் அமைப்பில் திரைக்குரிய பக்கத்தில் உருவளவு என்று தனியே ஓர் ஏற்பாடு உண்டு. அதனை 125 விழுக்காடாக வைத்தோம். கட்டம் கலையாமல் எழுத்து வளர்ந்தது.

இரண்டாவது மானிட்டரில் இவ்வளவும் செய்தும் எழுத்துக்குப் பக்கத்தில் நிழலாடிற்று. அது வி.ஜி.ஏ. என்னும் பழைய கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. அக்கம்பி படத்தை அலையாக அனுப்புவது. திரை அவ்வலையை மீண்டும் புள்ளிகளாகக் கணிக்கவேண்டும். கணிப்புச் சிறிது பிசகினும் நிழல் தோன்றும். எச்.டி.எம்.ஐ. கம்பிக்கு மாற்றினோம், நிழல் ஒழிந்தது.

பின்பு கிளியர்டைப் என்பதனைச் சரிசெய்தோம். மைக்ரோசாப்ட் கம்பெனியார் 1998இல் வெளிப்படுத்திய முறை இது. ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிற்கும் பட்டைகளால் ஆனதாகலின், அப்பட்டைகளைத் தனித்தனியே ஏவி விளிம்பை நுணுக்குவதே அதன் சூழ்ச்சி. பட்டைகள் நெட்டுக்கு நிற்பனவாகையால் குறுக்குவாட்டில் நுணுக்கம் மும்மடங்காகும், நெடுக்குவாட்டில் அப்பயனில்லை. மேலும் கீழும் உறுப்புகளை அடுக்கும் நம் எழுத்துக்கு இதனால் வரும் நன்மை ஆங்கிலத்துக்கு வருவதனினும் குறைவே; எனினும் ணகரத்தின் மூன்று சுழிகளைப் பிரித்துக் காட்டுதற்கு இது போதும். இடவலமாக மாறும் மாதிரிகள் சிலவற்றைக் காட்டி, எது தெளிவென்று நம்மையே தெரிந்தெடுக்கச் சொல்லும். ஐந்து நிமிட வேலை. வெளிச்சத்தையும் குறைத்தோம். கடையிலிருந்து வரும் மானிட்டர் பெரும்பாலும் கடைக்கேற்ற பேரொளியோடுதான் வருகிறது. அறையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, திரையின் வெண்மை அத்தாளின் வெண்மையோடு ஒக்கும்வரை தணித்தோம். வெளிப்படுத்தின விசேஷத்திற் சொல்லிய கலிக்கத்தை வாங்கி இட்டாலும் அப்பேரொளிக்குக் கண் தாங்காது!

எஞ்சியது எழுத்துருவம். விண்டோஸ் 2000 காலத்து லதாவினும் பின்வந்த நிர்மலா திரைக்கு ஏற்றதென்பது என் துணிபு; விலையின்றிக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழும் நன்று. யாதாயினும் ஆங்கிலத்துக்கு வைக்கும் அளவினும் இரண்டு பாயிண்டு கூட்டிவைத்தல் வேண்டும். வரியிடையையும் ஒன்றரையாக்கல் வேண்டும். அச்சுக்கோத்துப் பிழைத்தவராகிய என் பாட்டனாரிடம் இதனைச் சொன்னபோது, “வரிக்கு வரி ஈயத்தகடு செருகாமல் தமிழ் கோத்தால் மேல்வரிக் கீழ்ச்சுழி கீழ்வரி விலங்கில் இடிக்கும், இதற்குக் கம்ப்யூட்டர் ஏன்?” என்று சிரித்தார்.

இவ்வளவும் ஒரு மாலையில் முடிந்தது. செலவு, ஒரு கம்பியின் விலை.

ஈண்டு ஒரு தடையை ஆராய்தல் வேண்டும். பொறிக்கு ஏற்ப எழுத்தையே இன்னும் மாற்றிவிட்டால் என்ன என்று வினவுவார் உளர். தந்தை பெரியார் 1930களில் ‘குடி அரசு’ இதழிற் கையாண்ட மாற்றங்களுள் ஒரு பகுதியை ஏற்று, 1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் வடிவை மாற்றிற்று. அதனை யான் குறைகூறேன். ஈய எழுத்துப் பெட்டியிலும் தட்டச்சுப் பொறியிலும் ஒவ்வொரு தனிவடிவுக்கும் தனியிடம் வேண்டியிருந்த காலம் அது. பின்னர் அறிஞர் வா. செ. குழந்தைசாமி இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் சீர்திருத்தலாமென்றார். கற்போர்க்கு எளிமை என்னும் அவர் நோக்கம் மதிக்கத்தக்கது. ஆயினும் திரையைக் காரணங்காட்டி அதனை இன்று வற்புறுத்துவதற்கு இடமில்லை. யூனிகோடு தமிழெழுத்துகளுக்கு ஒதுக்கியது 128 இடங்களே. வடிவங்கள் எத்துணையாயினும் எழுத்துருவம் அவற்றை ஆக்கிக்கொள்ளும். திரையோ ஆண்டுதோறும் நுண்மையடைகிறது. 27 அங்குலத்தில் 3840க்கு 2160 புள்ளிகள் கொண்டவை கடைகளில் உள. அங்குலத்துக்கு 163 ஆகிறது. பதினைந்து கோடுகளுக்கு மேற்பட்ட எழுத்துகளையும் வழங்கும் சீனரும் சப்பானியரும், 16க்கு 16 புள்ளிக் கட்டத்தில் அவ்வெழுத்துகளை நெருக்கி வைக்க நேர்ந்த காலத்தும் எழுத்தைத் துறந்தாரில்லை, கட்டத்தையே பெரிதாக்கினர். ஐந்தாண்டில் மாறும் பொறிக்காக ஐம்பதாண்டு கற்ற எழுத்தை மாற்றுதல், செருப்புக்காகக் காலைச் செதுக்குவதாம்.

நம் ஆசிரியப் பெருமக்கட்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பாடக் குறிப்புகள் பல, தமிழ் வடிவைக் காட்டி உள்ளே ஆங்கிலக் குறியீடுகளை வைத்திருக்கும் பழைய எழுத்துருவங்களில் வருகின்றன; வேறு சில, தாளைப் படம்பிடித்த படங்களாக வருகின்றன. கண்ணுள்ளார்க்கு இவை எழுத்தே. என் தோழர் கண் சோர்ந்தபோது என்.வி.டி.ஏ. என்னும் வாசிப்பானைக் கேட்கிறார். பார்வையற்ற ஆஸ்திரேலியர் இருவர் 2006இல் தொடங்கி விலையின்றி வழங்கியது அது. முதல்வகைக் குறிப்பை அது பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டமாக உளறுகிறது. இரண்டாம் வகைக்கு வாய்திறப்பதே இல்லை. சென்ற பருவத்தில் யாப்பருங்கலக் குறிப்பு முழுவதையும் அவர்க்காக யாங்கள் மாறிமாறி உரக்க வாசித்தோம். எங்கள் ஓய்வுக்காக அவர் காத்திருந்த நாட்களும் உண்டு. யூனிகோட்டில், 14 பாயிண்டுக்குக் குறையாமல் குறிப்புகளை அளிப்பின் அவர் எவர்க்கும் காத்திருக்கவேண்டியதில்லை. தட்டச்சிடுவோர் ரகரத்துக்கும் காலுக்கும், ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் வேற்றுமை பாராது ஒன்றற்கு மற்றொன்றை இடுவதையும் விடல் வேண்டும். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவது காதுக்கு ஒன்றன்று. பழைய குறிப்புகளை மாற்றித் தருதற்கு எம் வகுப்பில் அறுவர் பெயர் கொடுத்திருக்கிறோம். தேர்வுக்கு முன்வரும் சனிக்கிழமைகளில், நம் கல்லூரிக் கணினிகள் அனைத்தையும் மேற்சொன்னவாறு சரிபார்க்கவும் இசைவு கேட்டுள்ளோம்.

இக்கட்டுரையைப் படிப்பகத்துப் புதுத்திரையிலேயே எழுதி, முதலில் என் தோழர்க்குக் காட்டினேன். அவர் கறுப்பிற் வெள்ளையாக எழுத்தைப் பெருக்கி, வரிவரியாக வாசித்து, ‘கண்’ என்று வரவேண்டிய ஓரிடத்தில் ‘கன்’ என்றிருந்ததைச் சுட்டினார். திரையின் குற்றமென்று சொல்ல வாயெடுத்தேன். “திரைதான் சரியாகிவிட்டதே” என்றார்.