'டைரக்ட்' போட்டுரலாமா அண்ணாச்சி?

நம்ம ஊர் மெக்கானிக் அகராதியில என்னைய ரொம்பப் பயமுறுத்துற வார்த்தை ஒண்ணு இருக்கு. 'டைரக்ட்'.

ஃபியூஸ் அடிக்கடி போகுதா? தடியா ஒரு கம்பியச் சுத்தி டைரக்ட். மோட்டார் ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகுதா? டைரக்ட். பைக் சாவி போடுற ஸ்விட்ச் மக்கர் பண்ணுதா? ரெண்டு ஒயர முறுக்கி டைரக்ட். வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். நாமளும் "ஆளு கில்லாடிப்பா"ன்னு காசு குடுத்து அனுப்பிருவோம்.

பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. இருக்கு. கேளுங்க.

எங்க ஊரு புன்னக்காயல். தாமிரபரணி கடல்ல போய்ச் சேருற இடம். உப்புக் காத்துல கதவுத் தாழ்ப்பாள்கூட ஆறு மாசத்துல துருப்பிடிச்சிரும். பக்கத்து ஆத்தூர்ல என் மாமா சின்னதா ஒரு பேக்கரி வச்சிருக்கார். 2023 டிசம்பர் வெள்ளத்துல கடைக்குள்ள தண்ணி புகுந்து, கேஸ் அவனும் கொஞ்சம் நனைஞ்சுது. காய வச்சுத் துடைச்சு, மறுபடி ஓட்ட ஆரம்பிச்சார். அடுத்த வருஷம் டிசம்பர்ல பிரச்சனை ஆரம்பிச்சுது. எங்க பக்கம் கிறிஸ்துமஸ்னா கேக் ஆர்டர் குவியும்னு சொல்லத் தேவையில்ல. அந்த நேரம் பாத்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பர்னர் தானா அணைஞ்சு போகுது. உள்ள இருக்கிற கேக் நடுவுல அமுங்கிப் போகுது. மாமா முகமும்தான்.

மெக்கானிக் வந்தார். குனிஞ்சு பாத்தார். "சேஃப்டி மடக்குது. டைரக்ட் போட்டுரலாமா அண்ணாச்சி? சீசன் முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்."

மாமா தலைய ஆட்டிட்டார். வால்வு எப்பவும் திறந்தே இருக்கிற மாதிரி செஞ்சுட்டுப் போயிட்டார். ரெண்டு நாள் அவன் ஜம்முனு ஓடுச்சு.

மூணாவது நாள் விடியக்காலை. பின்கதவு வழியா அடிச்ச காத்துல பர்னர் அணைஞ்சிருக்கு. யாரும் கவனிக்கல. கேஸ் மட்டும் வந்துக்கிட்டே இருந்திருக்கு. அத்தை உள்ள வந்தவங்க வாடைய மோந்துட்டு, "ஏல, ஒண்ணையும் தொடாத!"ன்னு கத்துனாங்க. வேலைக்கார அண்ணன் கையில தீப்பெட்டி. அத்தை சிலிண்டர மூடி, கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விட்டாங்க. யாரும் லைட் ஸ்விட்ச் பக்கம்கூடப் போகல. ஒண்ணும் ஆகல. ஆனா மாமா ஒரு மணி நேரம் வாசல்லயே உக்காந்திருந்தார், பேச்சு மூச்சு இல்லாம.

அந்த 'சேஃப்டி' எப்படி வேலை செய்யுதுன்னு அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன். ரொம்ப எளிமையான விஷயம். தீயில நனையுற மாதிரி ஒரு சின்னக் கம்பி முனை இருக்கும். பேர் தெர்மோகப்புள். ரெண்டு வேற வேற உலோகத்தச் சேத்துச் சூடாக்குனா கரண்ட் வரும்னு சீபெக் 1821லயே கண்டுபிடிச்ச சமாச்சாரம்தான். வர்றது சில மில்லிவோல்ட்தான். ஆனா அது வால்வுல இருக்கிற குட்டிக் காந்தத்தப் பிடிச்சு வைக்கப் போதும். தீ அணைஞ்சா முனை ஆறும், காந்தம் விடும், கேஸ் நிக்கும். பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். தீயே தனக்குக் காவல்!

சமையல் கேஸ் காத்தவிட கனம். மேல பறந்து போகாது, தரையோட தேங்கும். காத்துல ரெண்டு சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். வாடைகூட அதோட சொந்த வாடை இல்ல, நாம கண்டுபிடிக்கணும்னே மெர்காப்டான் சேக்குறாங்க. எங்க அத்தை மூக்குதான் அன்னைக்குக் கடைசி சேஃப்டி ஸ்விட்ச்.

வேற ஒருத்தரக் கூப்பிட்டுப் பாத்தா, தெர்மோகப்புள் முனை முழுக்கக் கரியும் துருவும். தீயிலருந்து கொஞ்சம் விலகியும் இருந்துச்சு. புதுசு மாத்தி, சரியான இடத்துல வச்சு, பர்னரச் சுத்தம் பண்ணதும் சரியாயிட்டு. செலவு சில நூறு ரூபாய். ஒரே ஒரு நாள் கேக் விக்கிற காசு.

இத கனடாவுல இருக்கிற பெரியப்பா மகன் அண்ணன்கிட்ட போன்ல சொன்னேன். சிரிக்காம, "எங்க வீட்லயும் இதே கததாம்ல"ன்னான். அங்க குளிருக்கு வீட்டுக்குக் கீழ கேஸ் ஃபர்னஸ் இருக்கும். மைனஸ் இருபதுல அவன் வீட்டு ஃபர்னஸ் கொஞ்ச நேரம் எரிஞ்சு, நின்னு, மறுபடி எரிஞ்சு விளையாட்டுக் காட்டியிருக்கு. லிமிட் ஸ்விட்ச் மடக்குது. கூட வேலை பாக்கிறவர் ஒருத்தர் குடுத்த யோசனை என்ன தெரியுமா? ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கிவிடு! (டைரக்ட் உலகப் பொது மொழி போல.)

நல்லவேளை, அண்ணன் லைசென்ஸ் உள்ள ஆளக் கூப்பிட்டான். வந்தவர் ஸ்விட்சத் தொடவே இல்ல. ஏர் ஃபில்டர உருவிக் காட்டினார். தூசியில கம்பளி மாதிரி இருந்துச்சாம். காத்து போக வழி இல்ல, உள்ள சூடு ஏறுது, ஸ்விட்ச் நிறுத்துது. அத முறுக்கி விட்டிருந்தா, சூட்டுல உள்ள இருக்கிற உலோக அறை விரிசல் விடலாம். புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ள வரும். அதுக்கு வாடையே கிடையாது. எந்த அத்தை மூக்கும் உதவாது. 2008ல ஒன்டாரியோவின் உட்ஸ்டாக் ஊர்ல கேஸ் கணப்போட புகைப் பாதை அடைச்சுக்கிட்டு ஒரே குடும்பத்துல நாலு பேர் இறந்துபோனாங்க. அதுக்கப்புறம்தான் வீடுகள்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்னு 2013ல அங்க சட்டமே வந்துச்சு.

ஃபர்னஸ்ல ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒரு கேள்வி உண்டாம். பிரஷர் ஸ்விட்ச் 'புகை வெளிய போகுதா?'ன்னு கேக்கும். பனி குழாய அடைச்சா அது மடக்கும். ஃப்ளேம் சென்சார் 'தீ நிஜமாவே இருக்கா?'ன்னு கேக்கும். ரோல்அவுட் ஸ்விட்ச் 'தீ வெளிய நாக்க நீட்டுதா?'ன்னு கேக்கும். பதில் தெரியாம ரீசெட்ட அமுக்குறது, கேள்வி கேட்டவன் வாயப் பொத்துறது மாதிரி.

இங்கதான் என் பி.காம் வருது. ஆடிட்டிங் பாடத்துல 'உள்கட்டுப்பாடு'ன்னு ஒண்ணு படிக்கிறோம். பணம் வாங்குறவரும் கணக்கு எழுதுறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. வேலை தாமதமாகும், எரிச்சலா இருக்கும். லீசன்ங்கிற ஒருத்தர்கிட்ட வியாபாரத்தையும் கணக்கையும் சேத்துக் குடுத்த பேரிங்ஸ் வங்கி 1995ல மூழ்கிப் போச்சு. அதுவும் ஒரு டைரக்ட்தான். 1984 போபால்ல குளிரூட்டும் எந்திரம் நிறுத்தப்பட்டிருந்துச்சு, கசியுற வாயுவ எரிக்கிற கோபுரமும் இணைப்பில இல்ல. அங்கயும் சேஃப்டி இருந்துச்சு, வேலை செய்யுற நிலையில இல்ல.

சரி, ஸ்விட்சே கெட்டுப்போகக் கூடாதா? போகலாம். மாமா கடையில அதான் நடந்துச்சு. அப்பவும் மாத்தணுமே தவிர, தூக்கக் கூடாது. கூர்க்கா தூங்குறார்னா வேற கூர்க்காவ வைப்போம். கேட்டக் கழட்டிப் போட மாட்டோம்.

மெக்கானிக்க மட்டும் குறை சொல்லவும் எனக்கு மனசில்ல. 'ஏன் நின்னுச்சு?'ன்னு ரெண்டு மணி நேரம் தேடுறவருக்கு நாம காசு குடுக்கிறதில்ல. 'இப்ப ஓடுதா?'ங்கிறதுக்குத்தான் குடுக்கிறோம். நாம எதுக்குக் காசு குடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும். இது பொருளாதாரத்தோட முதல் பாடம்.

அதனால அடுத்த தடவை யாராவது "டைரக்ட் போட்டுரலாமா?"ன்னு கேட்டா, ஒரே ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்க: "இது எதுக்கு அண்ணாச்சி நின்னுச்சு?" பதில் வர்ற வரைக்கும் கடை மூடியே இருக்கட்டும். என் மாமா இப்ப அப்படித்தான் செய்றார்.

டிஸ்கி: இதப் படிச்சுட்டு யாரும் ஸ்பேனரும் கையுமா கேஸ் வால்வக் கழட்டிராதீங்க. வாடை வந்தா சிலிண்டர மூடி, ஜன்னலத் திறந்து, ஸ்விட்ச் எதையும் தொடாம வெளிய வந்து 1906க்குப் போன் போடுங்க. ஃபில்டரத் துடைக்கிறது, பர்னரத் துடைக்கிறது, இதெல்லாம் நம்ம வேலை. மத்தது தெரிஞ்சவங்க வேலை.