உங்க ஆப்புக்குப் பேர் வைக்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

சைடு இன்கம் பத்தி எப்ப பேசினாலும், "நானும் ஒரு ஆப் பண்ணிட்டு இருக்கேன்"னு சொல்றவங்க நிறைய பேர் இருக்கீங்க. பகல்ல ஆபீஸ், ராத்திரி பத்து மணிக்கு மேல சொந்த ப்ராஜெக்ட். நல்ல விஷயம். ஆனா செலவு பண்ற வரிசைதான் எனக்குப் புரிய மாட்டேங்குது. முதல்ல மனசுக்குப் பிடிச்ச ஒரு பேர், உடனே டொமைன், அப்புறம் லோகோ, இன்ஸ்டாகிராம் விளம்பரம். அந்தப் பேர் ஏற்கெனவே வேற யார்கிட்டயாவது இருக்கான்னு பார்க்கறது கடைசியில, சில பேருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான். இதைத் தலைகீழா மாத்தணும்ங்கறது என் கருத்து. பேரைச் சோதிக்கற வரைக்கும் அதுமேல பத்து ரூபா கூடப் போடாதீங்க.

"நாம சின்ன ஆளு, இலவசமாத்தானே தர்றோம், யார் கேட்கப் போறாங்க?"ன்னு தோணும். ஃபயர்பாக்ஸ் பிரவுசரும் இலவசம்தான். 2002-ல் அது வந்தப்போ அதோட பேர் ஃபீனிக்ஸ். ஃபீனிக்ஸ் டெக்னாலஜீஸ்னு ஒரு கம்பெனி ஆட்சேபிக்க, 2003-ல் ஃபயர்பேர்ட்னு மாத்தினாங்க. அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு ஓப்பன் சோர்ஸ் டேட்டாபேஸ் இருந்தது! அதை வளர்த்தவங்க பெரிய பணக்காரக் கம்பெனி இல்ல. ஆனா சும்மா விடல, கடுமையா எதிர்ப்பு சொன்னாங்க. பிரவுசர் வேற, டேட்டாபேஸ் வேறதான். இருந்தாலும் ரெண்டும் சாஃப்ட்வேர், தேடறவன் குழம்புவான். கடைசியில 2004 பிப்ரவரியில மூணாவது பேர் வந்தது, அதுதான் ஃபயர்பாக்ஸ். ரெண்டு வருஷத்துக்குள்ள மூணு பேர்.

மைக்ரோசாஃப்டுக்கும் இதே கதைதான். பிரிட்டன்ல ஸ்கை டிவி கம்பெனிகிட்ட 2013-ல் வழக்குல தோத்து, ஸ்கைடிரைவ் 2014-ல் ஒன்டிரைவ் ஆச்சு.

ஆனா நம்ம மாதிரி கணக்குப் பார்க்கறவங்க கவனிக்க வேண்டியது ஐபேட் கதை. ஐபேட் வெளிவர்றதுக்கு முன்னாடியே, தைவானைச் சேர்ந்த ப்ரோவியூங்கற கம்பெனி கிட்ட அந்தப் பேர் பல நாடுகள்ல பதிவாகி இருந்தது. ஆப்பிள் தன் பேரை வெளிய காட்டாம, இன்னொரு கம்பெனி மூலமா 2009-ல் வெறும் 35,000 பவுண்டுக்கு அதை வாங்கிடுச்சு. செம டீல்தானே? பிரச்சனை என்னன்னா, சீனாவுல அந்த டிரேட்மார்க் ஷென்ஜென்ல இருந்த ப்ரோவியூவோட வேறொரு நிறுவனத்து பேர்ல இருந்தது. கையெழுத்துப் போட்டது தைவான் நிறுவனம். "நாங்க விக்கவே இல்லையே"ன்னு ஷென்ஜென்காரங்க சொல்ல, ஆப்பிள் கோர்ட்டுக்குப் போச்சு, 2011-ல் ஷென்ஜென் கோர்ட்ல தோத்தது. 2012-ல் சமரசமா ஆப்பிள் கொடுத்த தொகை 6 கோடி டாலர். முதல்ல கொடுத்ததைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு.

இதுல நமக்கு என்ன இருக்குன்னா, காகிதத்துல பேர் யாருக்குச் சொந்தம்ங்கற கேள்வி. ரெண்டு நண்பர்கள் சேர்ந்து ஆப் ஆரம்பிப்பாங்க, "நான் அப்ளை பண்ணிடறேன் மச்சி"ன்னு ஒருத்தர் தன் சொந்தப் பேர்ல பதிவு பண்ணிடுவார். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் விலகினா பேரும் அவரோட போயிடும். ஆரம்பத்துலயே ஒரு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. நட்பு இதனால கெடாது. எழுதாம விட்டாத்தான் கெடும்.

நம்ம ஊர்லயும் பாருங்க. 'பே'ங்கற ஒரே எழுத்துக்காக ஃபோன்பேயும் பாரத்பேயும் 5 வருஷத்துக்கு மேல மோதினாங்க. பாரத்பேக்கு இடைக்காலத் தடை கேட்டதை 2021-ல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏத்துக்கல. 2024 மே மாசம்தான் ரெண்டு பேரும் சமரசம் பண்ணிக்கிட்டாங்க. அவங்களுக்கு முதலீட்டாளர் பணம் இருந்தது. நமக்கு பி.எஃப். பணம்தான் இருக்கு.

சரி, செலவு எவ்வளவு? ஐபி இந்தியா தளத்துல தேடறது இலவசம். எழுத்துக்கூட்டி தேடினா மட்டும் போதாது, உச்சரிப்பை வைச்சுத் தேடற வசதியும் அங்க இருக்கு, அதையும் பாருங்க. 'கே'-வுக்குப் பதிலா 'சி' போட்டு எழுதினா தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க. தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு கிளாஸுக்கு 4,500 ரூபா. டவுன்லோட் பண்ற ஆப்புக்கு கிளாஸ் 9, ஆன்லைன் சாஃப்ட்வேர் சேவைக்கு 42, நிதிச் சேவைன்னா 36. மூணும் போட்டா 13,500, ஏஜென்ட் ஃபீஸ் தனி. விண்ணப்பம் ஜர்னல்ல வந்த பிறகு 4 மாசத்துக்குள்ள யார் வேணா எதிர்ப்பு சொல்லலாம். பதிவு கிடைச்சா 10 வருஷம் செல்லும்.

டொமைன் வாங்கிட்டேன், கம்பெனி பேர் பதிவு பண்ணிட்டேன், அது போதும்னு பல பேர் நினைக்கறீங்க. ரெண்டும் டிரேட்மார்க் கிடையாது.

அதுக்காக ஒரு ரூபா வருமானம் வராத ப்ராஜெக்டுக்கு மூணு கிளாஸ்ல பதிவு பண்ணுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ற ஏஜென்ட் உங்க நல்லதுக்குச் சொல்லல. இந்தியச் சட்டத்துல, பேரை முதல்ல பயன்படுத்தினவருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனா ஆதாரம் வேணும். ஆப் வெளியிட்ட தேதி, பேர் போட்ட பில், பழைய விளம்பரம் எல்லாத்தையும் ஒரு ஃபோல்டர்ல சேர்த்து வைங்க. காசு கொடுக்கற முதல் கஸ்டமர் வந்ததும் முக்கியமான ஒரு கிளாஸ்ல மட்டும் விண்ணப்பம் போடுங்க. அதுவரைக்கும் பேர் பக்கத்துல டிஎம் குறி போட்டுக்கலாம், அதுக்குப் பதிவு தேவையில்ல. வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியை மட்டும் ஸ்டைலுக்காகப் போட்டுடாதீங்க. பதிவு இல்லாம அதைப் போடறது சட்டப்படி தப்பு.