கணக்கு தகப்பன் பேரில், கைப்பேசி எண் மகன் பேரில்

காங்கயம், தாராபுரம், பல்லடம் வட்டாரங்களில் பெற்றோர் தோட்டத்தில் பண்ணையம் பார்க்க, பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் செல்லும் குடும்பங்கள் பல. கைப்பேசியில் எது வந்தாலும், "கண்ணு, இது என்னன்னு பாரு" என்று பிள்ளையிடம் நீட்டுவது வழக்கமாகி விட்டது. பிள்ளையும் இரண்டே நிமிடத்தில் முடித்துத் திருப்பித் தந்து விடுகிறது. உதவிதான், ஆனால் பெற்றோர் கற்றுக் கொண்டது ஒன்றுமில்லை.

இதன் நஷ்டம் அவசர நேரத்தில்தான் தெரியும். 2019ஆம் ஆண்டு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாகக் கணக்கில் சேர்கிறது. இதற்கு இ-கே.ஒய்.சி. என்னும் அடையாளச் சரிபார்ப்பு அவசியம். ஆதாருடன் இணைத்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. சில நிமிடங்களுக்கே செல்லும். அந்த எண் மகனுடையதாக இருந்து, அவன் ஷிப்டில் மெஷின் முன் உட்கார்ந்திருந்தால், தகப்பனார் கம்ப்யூட்டர் சென்டரில் காத்து நிற்க வேண்டியதுதான். கைரேகை வைத்தும் முடிக்கலாம். ஆனால் மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் எப்போதும் ஏற்பதில்லை. 2023 முதல் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதியும் உண்டு. அதற்கும் கைப்பேசியைக் கையாளத் தெரிய வேண்டும்.

ஆகவே, முதல் வேலையாகப் பெற்றோரின் ஆதாரில் அவர்களது சொந்தக் கைப்பேசி எண்ணைச் சேர்க்க வேண்டும். இதை ஆதார் மையத்துக்கு நேரில் சென்று செய்யலாம்.

இரண்டாவதாக, பிள்ளைகள் செய்து கொடுப்பதை விட்டு, செய்யப் பழக்க வேண்டும். லீவு நாளில் அரை மணி நேரம் போதும். 2018இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியில் தொடங்குவது நல்லது. சந்தை விலை, வானிலை, மானிய விவரம் யாவும் தமிழிலேயே உள்ளன. விலையைப் பார்ப்பதில் விரல் தவறினாலும் காசு போகாது. கை பழகிய பிறகு பணப் பரிமாற்றத்துக்கு வரலாம்.

அப்போது மூன்று செய்திகளை மனதில் பதிய வைக்க வேண்டும். பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்கே தேவை. ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் "கிசான் பணம்" என்று வரும் கோப்பைத் திறக்கக் கூடாது. ஏமாந்து விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

தண்ணீர் கட்டப் பழகிய நாளில் பிள்ளையும் மடை மாற்றித் திருப்பியிருக்கும். அன்று தகப்பன் மண்வெட்டியைப் பிடுங்கிக் கொள்ளவில்லை; பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பொறுமையே இன்று பிள்ளைக்கு வேண்டும்.