சாஃப்ட்வேர் அப்புறம், முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கடைக் கணக்கை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்றிருக்கிறேன். எந்த சாஃப்ட்வேர் போடட்டும்?" சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். என் பெரியப்பா கடையில் நான் செய்த ஒரு தவறுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது என் பதில், "ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் வாங்குங்கள்" என்பதுதான். கேட்டவர் முகம் சுருங்கும். எதற்காக அப்படிச் சொல்கிறேன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

பெரியப்பாவுக்குக் கடலூர் செம்மண்டலத்தில் வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, தேக்சா, இட்லிக் குண்டான், கேஸ் அடுப்பு, பிளாஸ்டிக் சேர், ஜமக்காளம், சாமியானா என்று கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் பொருள் போகும். கணக்கு முழுவதும் நீள நோட்டுகளில்தான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது கடையின் தகரக் கூரை பெயர்ந்து, அந்த வருடத்து நோட்டுகள் நனைந்து ஒட்டிக்கொண்டன. யார் எவ்வளவு பாக்கி என்பதைப் பெரியப்பா நினைவிலிருந்துதான் மறுபடி எழுதினார். அப்போது நான் பள்ளி மாணவன். இன்ஜினியரிங் முடித்துச் சம்பாதிக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக ஒரு கம்ப்யூட்டரை வாங்கிக் கடையில் வைத்தேன்.

தவறு அங்கேதான் தொடங்கியது. வாங்கிய அன்று இரவே எக்செல்லைத் திறந்து ஒரு ஷீட் போட்டுவிட்டேன். தேதி, பெயர், ஊர், போன், சேர், அண்டா, தேக்சா, அடுப்பு, மொத்தம், வரவு, பாக்கி. பார்க்க அழகாக இருந்தது. பெரியப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. நாலு வருடம் படித்தவனுக்கு அண்டா வாடகை பெரிய விஷயமா என்ற எண்ணம்.

ஆறு மாதம் ஓடியது. ஒரு நாள் பாக்கிப் பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கி, ஒவ்வொருவருக்காகப் போன் செய்துகொண்டு வந்தேன். அதில் ஒருவருக்கு 3,200 ரூபாய் பாக்கி என்று இருந்தது. கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் சம்சாரம் கருமாதிக்கு எடுத்ததுப்பா. பதினாறாம் நாளே உங்க பெரியப்பா கையிலே முழுசா குடுத்துட்டேனே" என்றார். பாக்கி அவருடையது இல்லை. அதே பெயர், அதே இனிஷியல் உள்ள இன்னொருவருடையது. அவர் கொடுத்த பணத்தை நான் இன்னொருவர் வரியில் வரவு வைத்துவிட்டு, அந்த மனிதரின் கடனை இவர் தலையில் ஏற்றியிருந்தேன். கடலூர்ப் பக்கத்தில் தெருவுக்கு இருவர் வைத்திருக்கும் பெயர் அது. நோட்டில் எழுதியவரை பெரியப்பாவுக்கு இந்தக் குழப்பம் வந்ததே இல்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் "வண்டிப்பாளையம், அரிசி மண்டி" என்று ஓர் அடையாளம் போட்டு வைத்திருப்பார். அதைத் தேவையில்லாத குறிப்பு என்று நான்தான் விட்டுவிட்டேன்.

பெரியப்பா அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. "நீ மிஷினைத் தொடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்டா" என்றார், அவ்வளவுதான்.

சரி, விஷயத்திற்கு வருவோம். டேட்டாபேஸ் என்றால் என்ன? ஒன்றோடொன்று தொடர்புள்ள தகவல்களை, தேவையானபோது தேவையான விதத்தில் எடுக்கும்படி ஒழுங்காக வைத்திருக்கும் தொகுப்பு. அதில் டேபிள்கள் இருக்கும். (எங்கள் கடையில் டேபிள் என்றால் பந்தி மேசை. பெரியப்பாவுக்குப் புரிய வைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.) டேபிளின் ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்டு, அதாவது ஒரு ஆளையோ ஒரு பொருளையோ ஒரு நிகழ்வையோ பற்றிய விவரம். அந்த வரியில் உள்ள பெயர், ஊர் போன்ற ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபீல்டு. இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட். 1970-ல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்தவைதான் ஆரக்கிள் முதல் ஆக்சஸ் வரை. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் தொடர்பு எண்கள்கூட எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இதில் புதியவர்கள் மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: ஒரு தகவல் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க வேண்டும். என் எக்செல் ஷீட்டில் ஒருவர் ஐந்து முறை வாடகைக்கு எடுத்தால் அவர் பெயரும் போன் எண்ணும் ஐந்து முறை இருக்கும். ஒரு முறை மஞ்சக்குப்பம், இன்னொரு முறை மஞ்சகுப்பம். ஆங்கிலத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம், ஒரே மூர்த்தியை நாலு விதமாக எழுதலாம். நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் போடுவார். நமக்குச் சட்டென்று புரிகிற இந்த வேறுபாடுகள் கம்ப்யூட்டருக்குப் புரியாது. அதற்கு நாலு எழுத்துக்கூட்டல் என்றால் நாலு ஆள். ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு பேர் இருந்தால் ஒரே ஆள். என் தவறு இந்த இரண்டாவது வகை.

எனவே வாடிக்கையாளருக்குத் தனி டேபிள். அதில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். இதைத்தான் பிரைமரி கீ என்கிறார்கள். இதற்கு நல்ல உதாரணம் எங்கள் செம்மண்டலத்திலேயே இருக்கிறது. இங்குள்ள கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகம் கோ.க. 671. 'கோ' என்பது ஒட்டுச் சேர்த்த கோயம்புத்தூர், 'க' என்பது தேர்ந்தெடுத்த கடலூர், பிறகு எண். திருச்சி மாவட்டத்துச் சிறுகமணியில் தேர்ந்தெடுத்தால் கோ.சி. என்று வரும். இந்த 671 மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் பல வருடங்கள் விளைந்திருக்கிறது. எந்த மாநிலத்தில் நட்டாலும், எந்த விவசாயி என்ன செல்லப்பெயர் வைத்தாலும், அந்த எண் அந்தக் கரும்பைத்தான் குறிக்கும். வாடிக்கையாளர் எண்ணும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

போன் நம்பரையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். சிம் மாறும். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே நம்பர் இருக்கும். ஆதார் எண்ணை வாங்கி வைக்கலாம் என்பார்கள். அண்டா வாடகைக்கு ஆதார் எதற்கு? தேவையில்லாத தகவலை வாங்கிச் சேர்த்தால் அதைப் பாதுகாக்கும் பொறுப்பும் உங்கள் தலையில் வந்து விழும்.

அடுத்து பொருளுக்கு ஒரு டேபிள்: பொருள் எண், பெயர், நம்மிடம் உள்ள எண்ணிக்கை, இப்போதைய வாடகை. பிறகு பதிவு டேபிள்: பதிவு எண், யார் (இங்கே வாடிக்கையாளர் எண் மட்டும் போதும், பெயர் வேண்டாம்), பொருள் போகும் நாள், திரும்பும் நாள்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் வழுக்கி விழுவார்கள். ஒரு பதிவில் பத்துப் பொருள் இருக்குமே, எங்கே எழுதுவது? பொருள் 1, பொருள் 2, பொருள் 3 என்று பக்கவாட்டில் ஃபீல்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகத் தோன்றும். என் ஷீட்டில் பொருளுக்கு ஒரு காலம் வைத்ததும் இதே தவறுதான். பெரியப்பா புதிதாகத் தண்ணீர் டிரம் வாங்கியபோது ஷீட்டையே மாற்ற வேண்டியிருந்தது. இதற்குப் பதில் 'பதிவு விவரம்' என்று இன்னொரு டேபிள் போடுங்கள். ஒரு வரியில் பதிவு எண், பொருள் எண், போன எண்ணிக்கை, திரும்பிய எண்ணிக்கை. பத்துப் பொருள் என்றால் பத்து வரி. இரண்டு கரண்டி குறைந்து திரும்பினால் எந்த வீட்டில் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

திரும்பிய எண்ணிக்கை என்ற ஃபீல்டு என் யோசனை இல்லை. இரண்டாம் முறை நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தபோது பெரியப்பா கேட்டார்: "ஓட்டை உடைசலை எங்கடா எழுதுவே?" நான் படித்த எந்தப் பாடத்திலும் ஓட்டை உடைசல் இல்லை. தொழில் செய்பவரைப் பக்கத்தில் உட்கார வைக்காமல் டேட்டாபேஸ் திட்டமிடக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். கடையில் உங்களிடம் ஒரு நாளில் கேட்கப்படும் கேள்விகளை முதலில் எழுதுங்கள். "வைகாசி முகூர்த்தத்துக்கு எவ்வளவு சேர் மிச்சம்?" "போன மாதம் யார் பாக்கி?" "பெரிய அண்டா எங்கே?" ஒவ்வொரு கேள்விக்கும் நீங்கள் போட்ட டேபிள்களிலிருந்து பதில் வருகிறதா என்று பேப்பரிலேயே விரல் வைத்துப் பாருங்கள். வராவிட்டால் அங்கேயே அழித்து எழுதலாம். பென்சில் எதற்கு என்றால் இதற்குத்தான்.

சேர் கேள்வியைப் பார்ப்போம். நம்மிடம் 400 சேர். 'மிச்சம்' என்று ஒரு ஃபீல்டு வைத்து, போகும்போது குறைத்து, வரும்போது கூட்டலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஒரு நாள் கூட்ட மறந்தால் அன்றிலிருந்து எல்லாக் கணக்கும் பொய். அடுத்த மாத முகூர்த்தத்துக்கு இன்றைய மிச்சம் பயன்படவும் செய்யாது. 15-ம் தேதிக்கு எவ்வளவு இருக்கும் என்றால், 15-ம் தேதியிலோ அதற்கு முன்போ போய், 15-ம் தேதியிலோ அதற்குப் பிறகோ திரும்பும் பதிவுகளை எடுத்துச் சேர்களைக் கூட்டினால் போதும். 14 முதல் 15 வரை ஒருவருக்கு 250, 15 முதல் 16 வரை இன்னொருவருக்கு 100 என்றால், மிச்சம் 50. இந்தக் கேள்வியைத்தான் குவெரி என்கிறார்கள். கணக்கிட்டுப் பெறக்கூடியதைச் சேமித்து வைக்க வேண்டியதில்லை. பாக்கியும் அப்படியே. வரவுக்கு ஒரு தனி டேபிள் போட்டு, பதிவு எண்ணோடு தேதியையும் தொகையையும் எழுதிவிட்டால், பாக்கி கழித்தல் கணக்காக வந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சேர் வாடகை 6 ரூபாயாக இருந்தபோது போன பதிவு, பிறகு 8 ரூபாய் ஆனதும் பழைய பில்லும் சேர்ந்து ஏறிவிடக் கூடாது. ஆகவே பதிவு விவரத்தில் 'அன்றைய வாடகை' என்ற ஃபீல்டையும் சேருங்கள். ஒரே தகவல் இரண்டு இடத்தில் இருப்பது போலத் தோன்றும். ஆனால் இன்றைய விலை வேறு, அன்று பேசிய விலை வேறு.

இவ்வளவும் எக்செல்லில் செய்ய முடியாதா என்பீர்கள். சின்னக் கணக்குக்கு எக்செல் போதும், நான் அதன் எதிரி இல்லை. ஆனால் பெரிய இடத்திலேயே அது காலை வாரியிருக்கிறது. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. பழைய எக்செல் ஃபைலில் 65,536 வரிக்கு மேல் இடமில்லை, மீதி சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிப்பதும் அதனால் தாமதமானது. மார்ச்1 என்ற மரபணுவை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-ல் விஞ்ஞானிகள் அந்த மரபணுவின் பெயரையே மாற்றினார்கள்! பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அடித்தால் அந்தப் பூஜ்யத்தை அது விழுங்குவதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டேபிள் அமைக்கும்போதே இந்த ஃபீல்டில் தேதிதான் வரும், இதில் எழுத்துதான் வரும், இல்லாத வாடிக்கையாளர் எண்ணை ஏற்கக் கூடாது என்று சொல்லி வைக்க டேட்டாபேஸில் வசதி உண்டு.

சாஃப்ட்வேர் பெயர் கேட்டவர்களுக்கு: லிப்ரே ஆஃபீஸ் பேஸ் இலவசம், ஜாவாவும் சேர்த்துப் போட வேண்டியிருக்கலாம். காசு கொடுத்தால் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ். நோட்டில் ஐந்து டேபிள் தயாராக இருந்தால் இரண்டில் எதுவானாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ரெடிமேட் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்குவதானாலும் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். "திரும்பிய எண்ணிக்கை எங்கே எழுதுவது?" என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் அது உங்கள் கடைக்கு ஆகாது.

காப்பி எடுப்பதை மறக்காதீர்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூரை என்ன செய்தது என்று பார்த்தோம். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் பென் டிரைவ், கம்ப்யூட்டரோடு சேர்ந்துதான் நனையும். வாரம் ஒரு காப்பி வேறு வீட்டுக்கோ, இணையத்தில் உள்ள சேமிப்பு இடத்துக்கோ போக வேண்டும்.

பெரியப்பா இன்னும் பகலில் நோட்டில்தான் எழுதுகிறார். இரவில் பெரியம்மா அதைப் பார்த்து ஏற்றுகிறார். வாடிக்கையாளர் டேபிளில் 'அடையாளம்' என்று ஒரு ஃபீல்டு சேர்த்திருக்கிறோம். அரிசி மண்டி, வாத்தியார் வீடு, வேப்பமரத்து வீடு என்று அதில் இருக்கும். பாக்கிக்குப் போன் செய்யும் முன் பெரியம்மா அதைப் படித்துவிட்டுத்தான் நம்பரை அழுத்துவார்.