கரூர் பஸ் பாடி பட்டறைகள் தாக்குப்பிடிக்குமா? கழுத்தை நெரிக்கும் சோதனைச் செலவு

கரூர்:

கரூர் என்றாலே ஜவுளி, கொசுவலை, அடுத்தது பஸ் பாடி. வெளிமாநில பஸ்கள்கூட இங்கே வந்து பாடி கட்டிக்கொண்டு போகின்றன. பெரிய பெரிய கம்பெனிகள் இருக்கும்போது பட்டறைக்கு ஏன் வருகிறார்கள்?

எல்லாம் ‘டை’ கணக்குதான். தகட்டை ஒரே அழுத்தில் கதவாக, கூரையாக மாற்றும் அச்சுக்குத்தான் டை என்று பெயர். ஒரு செட் டை 10 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் கார் செய்தால் ஒரு காருக்கு ஆயிரம் ரூபாய்தான் விழும். 200 பஸ் மட்டும் செய்தால்? ஒரு பஸ்சுக்கு 5 லட்சம்! யாருக்குக் கட்டுப்படியாகும்?

பஸ் ஓனர்களோ ஆளுக்கு ஒரு மாதிரி கேட்பார்கள். டவுன் பஸ்சுக்கு ஒரு மாதிரி, காலேஜ் பஸ்சுக்கு ஒரு மாதிரி, ஆம்னி பஸ்சுக்கு படுக்கை. அதனால்தான் பல பஸ்களுக்கு கம்பெனி சேசிசோடு நிறுத்திக்கொள்கிறது. பட்டறையில் இரும்புக் குழாயை வெட்டி, வெல்டு வைத்து, தகடு அடித்து பாடி ரெடி பண்ணிவிடுவார்கள். டை செலவு கிடையாது. கைவேலைக்குக் கூலிதான்.

சிக்கல் எங்கே?

இப்போது டை மாதிரியே இன்னொரு செலவு வந்து உட்கார்ந்திருக்கிறது. பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ்.-052, படுக்கை பஸ்சுக்கு ஏ.ஐ.எஸ்.-119 என்று விதிகள் உள்ளன. மாடலை சோதனைக்கு உட்படுத்தி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த மாடலில் 5 பஸ் கட்டினாலும் 500 பஸ் கட்டினாலும் சோதனைச் செலவு ஒன்றுதான். பெரிய பட்டறை தாங்கும். சின்னப் பட்டறை?

அதற்காக விதியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. 2025 அக்டோபரில் ராஜஸ்தான் ஜெய்சால்மர் அருகே ஏ.சி. பஸ் தீப்பிடித்து 20 பேருக்கு மேல் பலியானார்கள். அதே மாதம் ஆந்திராவில் கர்னூல் அருகேயும் ஆம்னி பஸ் எரிந்து பலர் கருகினார்கள். அவசர வழியிலும் சீட் துணியிலும் மிச்சம் பிடித்தால் அதற்கு விலை பயணியின் உயிர்.

வழி என்ன?

செலவைப் பங்கு போட வேண்டும். சின்னப் பட்டறைகள் ஒன்றுசேர்ந்து இரண்டு மூன்று பொது டிசைனுக்கு ஒப்புதல் வாங்க அரசு வழி செய்து தரலாம். பாடியின் எலும்புக்கூடு எல்லோருக்கும் ஒன்று. பெயிண்ட், லைட், அலங்காரம் ஓனர் இஷ்டம். செலவு 20 பட்டறைக்குப் பிரிந்தால் யாருக்கும் பாரம் இல்லை.

இல்லாவிட்டால் ஆர்டர் எல்லாம் நாலைந்து பெரிய இடங்களுக்குப் போய்விடும். சின்னப் பட்டறையை நம்பியிருக்கும் வெல்டர், டிங்கர், பெயிண்டர் எங்கே போவார்கள்?