தாயாரும் ஏறும் வாகனம்

உற்சவ மூர்த்தி எழுந்தருள்வதற்கு ரிஷபம், கருடன், மயில், யானை என எத்தனையோ வாகனங்கள் உண்டு. சந்நிதிக்கு வர இயலாதவர்க்கும் தரிசனம் கிட்ட வேண்டும் என்றே இறைவன் வீதிவலம் வருகிறான் என்பர் பெரியோர். ஆனால் இன்று முதியோர் பலர் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சுவாமி புறப்பாடு காணும் வீதிகளில் இல்லை. பக்கவாதத்தாலோ மூட்டுத் தேய்மானத்தாலோ சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்ட தாயார், "நீங்கள் போய் வாருங்கள், எனக்குப் பிரசாதம் போதும்" என்று சொல்லிவிடுகிறார். பக்தி குறைந்ததால் அன்று. இருவர் தூக்கிக் காருக்குள் அமர்த்துகையில் உண்டாகும் கூச்சமும், மகனுக்கு இடுப்புப் பிடித்துக்கொள்ளுமோ என்ற கவலையுமே காரணம்.

அந்தக் கூச்சத்தைப் போக்குவதே, சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வாகனத்தின் முதற்பயன். எனினும் அது எல்லாக் குடும்பங்களுக்கும் தேவைப்படுவதில்லை. சிறிது கைத்தாங்கலுடன் இடம் மாறி அமரக்கூடியவருக்கு, கதவுப்பக்கம் திரும்பும் சுழல் இருக்கையே போதும்; ஓடும் வாகனத்தில் அதன் சொந்த இருக்கையே பாதுகாப்பானதும் ஆகும். ஆண்டுக்கு நான்கைந்து பயணங்களே என்றால், சில பெருநகரங்களில் இத்தகைய வாகனம் வாடகைக்கும் கிடைக்கிறது. மருத்துவமனை, கோயில், உறவினர் இல்லம் என அடிக்கடி செல்ல வேண்டியவர்க்கே சொந்த வாகனம் பொருந்தும்.

வாங்குமுன் அளவெடுத்தல் இன்றியமையாதது. நாற்காலியில் அமர்ந்த நிலையில் தரையிலிருந்து உச்சந்தலை வரை உள்ள உயரம், நாற்காலியின் அகலம், இரண்டும் சேர்ந்த எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கதவின் உயரம் தலையைவிடச் சில அங்குலமேனும் கூடுதலாக இருத்தல் நலம். கட்டடங்களில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் அமைப்பது விதி. அக்கணக்கில், இரண்டடி உயரத்தில் தளம் உள்ள வாகனத்துக்கு 24 அடிச் சாய்தளம் வேண்டும். வீதியில் அது நடவாது. ஆகவேதான் தளத்தைத் தாழ்த்தியோ, மின்தூக்கி பொருத்தியோ மாற்றியமைக்கிறார்கள். ஏறியபின் நாற்காலி முன்நோக்கி நின்று, நான்கு மூலைகளிலும் பட்டைகளால் தளத்தோடு பிணைக்கப்பட வேண்டும். அமர்ந்திருப்பவருக்கான பாதுகாப்புப் பட்டை தனியே வாகனத்தோடு இணைந்திருக்க வேண்டும். சக்கரத்தின் பிரேக்கை மட்டும் நம்புவது ஆபத்து.

ஏட்டுக் கணக்கும் முக்கியம். மாற்றுத்திறனாளிக்கென மாற்றியமைத்த வாகனத்தை மோட்டார் வாகனச் சட்டம் தனி வகையாகவே வரையறுத்துள்ளது. மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழில் குறிப்பேற்றிக்கொள்ள வேண்டும். அக்குறிப்பு இருப்பின், வாகனத்தின் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டுப் பிரீமியத்தில் தள்ளுபடி கோரலாம். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்தால், இழப்பீடு கேட்கும் நாளில் சிக்கல் எழும்.

கோயிலுக்குப் புறப்படுமுன் தேவஸ்தான அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து, எந்த வாயிலில் படியின்றிச் செல்லலாம், உள்ளே கோயிலின் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேட்டுக்கொள்வது உத்தமம். பின்கதவு வழியே இறங்கும் வாகனமாயின், அதன் பின்னால் சாய்தளமும் நாற்காலியும் அடங்கும் அளவுக்கு இடம் விட்டு நிறுத்த வேண்டும். பூக்கடைகள் நெருங்கிய சந்நிதித் தெருவில் இதற்காகவே சற்று முன்னதாகச் செல்ல நேரும். விசேட நாள்களைத் தவிர்த்துச் சாதாரண நாளில் சென்றால் நிதானமாகத் தரிசிக்கலாம்.

கயிலையை நாடிய திருநாவுக்கரசர் பாதம் தேய நடந்தார், பின் கையூன்றிச் சென்றார், மார்பால் ஊர்ந்தார், இறுதியில் புரண்டும் சென்றார். அங்கங்கள் ஓய்ந்த அவரை இறைவன் மேலும் வருத்தவில்லை. திருவையாற்றிலேயே கயிலைக் காட்சியைக் காட்டியருளினான். உடல் படும் துன்பத்தைக் கொண்டு அவன் பக்தியை அளப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? ஆதலால், உதவியோடு வருவதில் முதியோர் கூச்சம் கொள்ள வேண்டியதில்லை. பிள்ளைகளும் தாமே முடிவு செய்துவிடாமல், விலை பேசுமுன் தாயாரையே அவ்வாகனத்தில் ஒருமுறை ஏற்றி அமர்த்தி, "அம்மா, சௌகரியமாக இருக்கிறதா?" என்று கேட்பதே முறை. அதில் பயணம் செய்யப் போகிறவர் அவரே.