பழைய ஹெரால்டு கார் வாங்கலாமா?

யானை வாங்கக் காசு இருந்தால் மட்டும் போதாது. அங்குசம் வாங்கவும் காசு வேண்டும். தினந்தோறும் தீனி போடவும் காசு வேண்டும்.

பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நினைத்துப் பார்க்க வேண்டியது இதுதான்.

சேலத்துக்குக் கிழக்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது, அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோவில் உள்ள ஊர். ஆத்தூர் போகும் பெரிய ரோடு அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அந்த ஊரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

குடும்பத் தலைவருக்கு வயது 60-ஐத் தாண்டிவிட்டது. சிறு வயதில் அதே ரோட்டில் ஒரு சிறிய கார் பறந்து போவதை அவர் பார்த்திருக்கிறார். அழகான கார். அதன் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. "என்றாவது ஒரு நாள் இதை வாங்கிவிட வேண்டும்" என்று அன்றே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

இப்பொழுது கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. பக்கத்து ஊரில், ஒரு வீட்டுக் கொட்டகையில், தார்ப்பாய் போர்த்திய ஹெரால்டு ஒன்று விலைக்கு வருகிறது. மகன், "வாங்குங்கள் அப்பா!" என்கிறான். மனைவி, "மகளின் காலேஜ் பணம் என்ன ஆவது?" என்று கேட்கிறார்.

யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆகவே, ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கணக்கைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் பிறந்த கார்

ஹெரால்டு கார் 1959-ல் இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. அதற்கு உருவம் கொடுத்தவர் மிக்கேலோட்டி என்ற இத்தாலிக்காரர்.

1961-ல் அந்தக் கார் சென்னைக்கு வந்தது. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் அது செய்யப்பட்டது. 1960-களில் நம் நாட்டு ரோடுகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்றே மூன்று. அம்பாசடர், பியட், ஹெரால்டு. மற்ற இரண்டும் வட நாட்டில் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் செய்யப்பட்டது ஹெரால்டுதான்.

பிறகு அதே தொழிற்சாலையில் கஸல் என்ற கார் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் கார் உற்பத்தியே நின்றுபோயிற்று.

ஆக, இன்று ஹெரால்டுக்குத் தாய் வீடு இல்லை. கெட்டுப்போன ஒரு சாமானுக்கு, "கம்பெனியில் கேட்டு வாங்கித் தருகிறேன்" என்று சொல்ல ஆள் இல்லை. இதை மறந்துவிடக் கூடாது.

பந்தயக் காருக்குச் சொந்தம்

ஹெரால்டு பந்தயக் காரா? இல்லை. ஆனால், பந்தயக் காருக்கு நெருங்கிய சொந்தம்!

1962-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஸ்பிட்பயர் என்ற கார் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார். மேலே கூரை கிடையாது. இளைஞர்கள் மயங்கிய வண்டி. அதன் அடிப்பாகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஹெரால்டின் சேஸிஸைத்தான் குறுக்கி, ஸ்பிட்பயருக்கு அமைத்தார்கள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அங்கே கார் பந்தயங்கள் நடந்தன. அந்தப் பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியது. பிற்காலத்தில், 1990-ல், இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தய மைதானம் ஏற்பட்டது.

வெளிநாட்டு ஸ்பிட்பயர் கார், நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாது. ஹெரால்டு எட்டும். அதனால்தான் பழைய காரில் பிரியம் உள்ளவர்கள் அதைத் தேடுகிறார்கள்.

பெயிண்டைப் பார்த்து ஏமாறாதே!

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள் புடவையை மட்டும் பார்த்துவிட்டு வருவதில்லை. காரும் அப்படித்தான். பளபளவென்று பெயிண்ட் அடித்த காரைக் கண்டால், இரு மடங்கு சந்தேகப்பட வேண்டும்.

ஹெரால்டின் மேல் பாகம் தனி, அடியில் உள்ள சேஸிஸ் தனி. மேல் பாகம் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு, போல்ட்டு போட்டு மாட்டப்பட்டது. கதவில் துரு இருந்தால் கவலை இல்லை. டிங்கர் கடையில் சரி செய்துவிடலாம். ஆனால், சேஸிஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அந்தக் கார் வேண்டவே வேண்டாம். முக்கியமாக, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும், டிக்கியின் தரையையும் பார்க்க வேண்டும். ஒரு சுத்தியலால் மெதுவாகத் தட்டினாலே தெரிந்துவிடும்.

அடுத்தது என்ஜின். அதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. என்ஜின் ஓடாமல் நிற்கும்போது, ஒருவர் கிளட்சை மிதிக்க வேண்டும். மற்றவர், என்ஜினின் முன்பக்கத்தில் உள்ள கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போதெல்லாம் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால், உள்ளே உள்ள வாஷர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால், கடைசியில் என்ஜினே பாழாகிவிடும்.

மூன்றாவது, முன் சக்கரம். அதைத் தாங்கும் தண்டின் கீழ் முனை, ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும். "கிரீஸ் அடித்தால் போதும்" என்று விட்டுவிட்டவர்கள் பலர். உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால், ஒரு நாள் அந்தத் தண்டு ஒடிந்து, சக்கரம் மடங்கிவிடும்!

ஹெரால்டின் முன் மூடியைத் தூக்கினால், மூக்கும் இரு பக்கத்து மட்கார்டும் சேர்ந்து, முழுவதுமாக முன்பக்கம் சாய்ந்துவிடும். என்ஜின் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். ஆகவே, "பார்க்க முடியவில்லை" என்று சாக்குச் சொல்ல வழி இல்லை.

ஏற்காடு மலையில் ஜாக்கிரதை

சேலத்துக்காரர் கையில் கார் வந்துவிட்டால், முதலில் எங்கே போவார்? ஏற்காட்டுக்குத்தான்! அந்த மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன.

ஹெரால்டு, மிகக் குறுகிய இடத்தில் திரும்பும் கார். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மலைப் பாதைக்கு இது நல்ல குணம்.

ஆனால், ஒரு கெட்ட குணமும் உண்டு. அதன் பின் அச்சு, நடுவில் இரண்டாகப் பிரிந்து ஆடும். வேகமாக வளைவில் போகும்போது, பயந்துபோய்த் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின் சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். வண்டியின் பின்பாகம் விலகிவிடும்.

பிரேக்கும் இந்தக் காலத்துப் பிரேக் அல்ல. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் வரிசை. ஓர் இடத்தில் குழாய் உடைந்தாலும், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். மிஞ்சுவது கைப் பிரேக் மட்டுமே. காற்றுப் பை கிடையாது.

பேரக் குழந்தைகளைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு, மலை இறங்கப் போகிறவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா? பிரேக்குக் குழாய்கள், சிலிண்டர்கள், டயர்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றாமல், குடும்பத்தை அந்தக் காரில் ஏற்றுவது குற்றம்.

புத்தகம் எங்கே?

கார் நன்றாக இருந்தாலும், ஆர்.சி. புத்தகம் சரியாக இல்லாவிட்டால் அது வெறும் இரும்புதான். புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணும், சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். புத்தகத்தில் பெயர் உள்ளவர் காலமாகியிருந்தால், வாரிசுகள் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். ஒரு தம்பி பணம் வாங்கிக்கொண்டு, இன்னொரு அண்ணன் வழக்குப் போட்டால், கார் கோர்ட்டு வாசலில் நிற்கும்!

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை, காரைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம், 2025 ஆகஸ்டு மாதம் 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பசுமை வரி வேறு. இன்சூரன்ஸ் வேறு.

2021-ல் மத்திய அரசாங்கம், 50 ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. அப்படிப்பட்ட காருக்கு "வி.ஏ." என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டு செல்லும். 1960-களில் ஓடத் தொடங்கிய ஹெரால்டுகள் எல்லாமே இன்று 50-ஐத் தாண்டியவைதான்.

ஆனால், அந்த எண்ணை வாங்கிவிட்டால், காரைத் தினசரி வேலைக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும், பழைய கார் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். கோவிலுக்கும், கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு போக விரும்புகிறவர், சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொள்வதே நல்லது.

பெட்ரோலும் மாறிவிட்டது

ஹெரால்டு பிறந்த காலத்தில், பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தார்கள். 2000-ம் ஆண்டில் நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. இப்பொழுது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால், பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். ஈரத்தையும் இழுக்கும். மாதக் கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால், டேங்கிலும் கார்புரேட்டரிலும் துரு சேரும்.

ஆகவே, பெட்ரோல் குழாய்களை எல்லாம் புதிய ரகத்துக்கு மாற்ற வேண்டும். வாரம் ஒரு முறையாவது காரை ஓட்ட வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடி வைத்துப் பூஜை செய்தால், கார் கெட்டுவிடும்.

நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி

இவ்வளவு தொல்லை இருக்கும்போது, எதற்காக இதை வாங்க வேண்டும்?

அதற்கும் பதில் இருக்கிறது. புதுக் காரில் ஒரு சின்ன எலெக்ட்ரானிக் பெட்டி கெட்டால், அதைத் திறந்து பார்க்கவும் முடியாது. ஹெரால்டு அப்படி அல்ல. எந்தப் பாகத்தையும் கழற்றலாம், பார்க்கலாம், மாட்டலாம். லேத்தில் கடைந்தும் சில பாகங்களைச் செய்துகொள்ளலாம்.

சேலமும் நாமக்கல்லும் லாரித் தொழிலில் பெயர் பெற்றவை. லாரிக்குப் பாடி கட்டுகிற கை, தகடு அடிக்கிற கை, வெல்டிங் வைக்கிற கை, எல்லாம் இங்கே இருக்கின்றன. கம்பெனி மூடிப்போன காருக்கு, இந்தப் பட்டறைகள்தான் இனித் தாய் வீடு.

ஆனால், அந்தக் காலத்து என்ஜினைக் காதால் கேட்டே குறை சொல்லும் முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, இளைஞர்கள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு பழைய கார் உதவும் என்றால், அது வீண் செலவு அல்ல. தகப்பனும் மகனும் ஞாயிற்றுக்கிழமை தோறும் சேர்ந்து ஒரு காரைச் சரி செய்வது, செல்போனும் கையுமாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பதைவிட எவ்வளவோ மேல்!

யார் வாங்கலாம்?

கடன் வாங்கிப் பழைய கார் வாங்கக் கூடாது. மகளின் படிப்புப் பணத்தையோ, மருத்துவச் செலவுக்கு வைத்த பணத்தையோ தொடக் கூடாது. வீட்டில் வேறு நல்ல கார் இல்லாதவர்கள், இதை நம்பி வாங்கக் கூடாது. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக உதவுவது ஹெரால்டு அல்ல.

"இன்று வாங்கினால் நாளைக்கு விலை ஏறும்" என்று வியாபாரக் கணக்குப் போடுகிறவர்களும் வாங்க வேண்டாம். ஏறலாம், ஏறாமலும் போகலாம். செலவு மட்டும் நிச்சயம்.

காரின் விலை எவ்வளவோ, அவ்வளவு பணம் இன்னொரு பங்கு தனியாக இருக்க வேண்டும். மழை படாத கொட்டகை இருக்க வேண்டும். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டு அம்மாவின் சம்மதம் இருக்க வேண்டும்!

இந்த நான்கும் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். நான்கில் ஒன்று குறைந்தாலும், பொறுத்திருப்பதே புத்திசாலித்தனம். அதுவரை ஆசை தீர ஒரு வழி உண்டு. கோவையில், அவினாசி ரோட்டில், ஜி.டி. நாயுடு பெயரால் பழைய கார்க் காட்சிசாலை ஒன்று 2015 முதல் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு முறை போய்வரலாம். அங்கே நிற்கும் கார்களுக்குத் தீனி போடும் பொறுப்பு நமக்கு இல்லை!